மகளின் நேரசூசி

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். கணக்கு ஒருவருடைய பெயரில் இருந்தாலும் இதை எழுதுவது நாங்கள் இரண்டு பேரும்தான்.

பள்ளிவாசல் வாசலிலும் சந்தையிலும் கல்யாண வீட்டிலும் எங்களிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான். "சேர், மகள் அமெரிக்காவில என்ன படிக்கிறா?" ஒரு வருடமாக "பயலஜி" என்று சொல்லி வந்தோம். "அப்ப டொக்டரா வருவாவா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை, அங்கே பெரும்பாலும் நான்கு வருடப் பட்டம் ஒன்றை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது மிகவும் கஷ்டம் என்று விளக்கத் தொடங்குவோம். கேட்டவர் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருப்பார்.

இந்த வருடம் பதில் இன்னும் நீண்டுவிட்டது. "பயலஜியும் வரலாறும்" என்று சொன்னால் நின்று பார்க்கிறார்கள். "ரெண்டுமா? ஏன், ஒண்டு சரிவராட்டி மத்ததுக்கா?"

அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. அதோடு, நாங்கள் மகளிடம் பிழையாக நடந்துகொண்ட ஒரு விசயமும் இதில் இருக்கிறது.

மகள் 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரத்தை 2022 பெப்ரவரியில் எழுதினவள். உயிரியல் பிரிவு. பெறுபேறு நல்லது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மருத்துவ பீடத்துக்கு எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளி எட்டவில்லை. அந்த வருடம் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த நேரத்தில் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி யோசிக்கிற வசதி எங்களுக்கு இல்லை. மகள்தான் பெற்றோல் வரிசைக் காலத்தில், கரண்ட் வந்து போகிற இடைவெளிகளில், போனிலேயே விண்ணப்பங்களை நிரப்பினாள். 2023இல் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரி அவளை எடுத்தது. படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்துப் புலமைப்பரிசில். கடிதத்தின் கீழே ஒரு வரி: எட்டு செமஸ்டர்களுக்கு மாத்திரம்.

அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் பிறகு எல்லாப் பிரச்சினையும் வந்தது.

அங்கே போய் முதல் மாதத்தில் அவள் சொன்ன ஒன்று எங்களுக்கு விளங்கவே இல்லை. "வாப்பா, பயலஜி படிக்க வந்தாலும் பயலஜி மட்டும் படிக்க ஏலாது. பொதுக் கல்வி எண்டு 42 கிரெடிட் எல்லாரும் செய்யணும்." எழுத்துப் பயிற்சி, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி, ஆய்வுகூடத்துடன் விஞ்ஞானம், கணிதம், மானிடப் பண்பியல், சமூக விஞ்ஞானம், ஏதாவது ஒரு கலை, அதற்கு மேல் உடற்பயிற்சிக்கு ஒரு கிரெடிட். எஞ்சினியராகப் போகிறவனும் நாடகம் படிக்கப் போகிறவளும் இதைச் செய்துதான் ஆக வேண்டும். "O/L திரும்ப எழுதின மாதிரி இருக்கு" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. எங்கள் சாதாரண தரம் அதுதானே. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு கட்டாயம். விருப்பப் பாடம் மூன்று. பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் தொடுகிறது. அதன் பிறகு நாங்கள் கதவை மூடிவிடுகிறோம். உயர்தரத்தில் மூன்று பாடம்; பயோ பிள்ளைக்கு வரலாறு இல்லை, ஆட்ஸ் பிள்ளைக்கு விஞ்ஞானம் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பொது அறிவுத் தாள் இருக்கிறது. அதில் 30 புள்ளி எடுத்தால் பல்கலைக்கழகத்துக்குப் போதும், இசட் புள்ளியில் அது சேராது. ஆகவே அதை யாரும் படிப்பதும் இல்லை, நாங்கள் படிப்பிப்பதும் இல்லை. உண்மையைச் சொல்ல வெட்கப்படவா?

அமெரிக்காவிலும் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. ஹாவர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், பிள்ளைகள் விரும்பியதைப் படிக்கட்டும் என்று அநேகமாக எல்லாப் பாடத்தையும் தெரிவுப் பாடமாக்கினார். சிலர் இலேசான வகுப்புகளாகப் பொறுக்கிப் பட்டம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவருக்குப் பின் வந்த லோவெல் அதற்குக் கடிவாளம் போட்டார்: ஒரு துறையில் ஆழமாகப் போ, மற்றத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படி. மேஜர் ஒரு பக்கம், பொதுக் கல்வி ஒரு பக்கம் என்ற இன்றைய ஏற்பாடு பெரும்பாலும் அந்த வழியில் வந்தது. எங்களுக்குத் தெரிந்த பல்கலைக்கழகப் படிப்பு வேறு. எங்களில் ஒருவர் பேராதனையில் வரலாறு சிறப்புப் பட்டம். முதல் வருடம் மூன்று பாடம், பிறகு ஒன்றே ஒன்று. "ஸ்பெஷல்" கிடைத்தால் பெருமை, பொதுப் பட்டம் என்றால் ஒரு படி கீழே. மற்றவர் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம். எங்கள் இரண்டு பேருடைய தலையிலும் படிப்பு என்றால் ஒடுங்கிக்கொண்டு போகிற ஒன்று.

மகளுக்கு வரலாறு வந்து சேர்ந்தது அந்தப் பொதுக் கல்வியால்தான். முதல் செமஸ்டர் எழுத்துப் பயிற்சி வகுப்பின் தலைப்பு நோயும் சமூகமும். ஒவ்வொருவரும் தங்கள் ஊரோடு தொடர்பான ஒரு நோயைப் பற்றி எழுத வேண்டும். இவள் 1934-35 இலங்கை மலேரியாவை எடுத்தாள். எங்களுக்கு ஒரு நாள் சுபஹு தொழுது முடிந்த கையோடு கோல். அங்கே அவளுக்கு முதல் நாள் பின்னேரம். "மூத்தம்மாட்ட போனக் குடுங்க."

மூத்தம்மாவுக்கு அந்தக் கொள்ளைநோய் தெரியாது, அதற்குப் பிறகு பிறந்தவ. ஆனால் சிறு வயதில் வீடு வீடாக மருந்தடிக்க வந்த ஆட்கள் நினைவில் இருக்கிறார்கள். பானை சட்டி எல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்களாம். சுவரெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்குமாம். "பூனையெல்லாம் செத்துப் போச்சி மகள்" என்று மூன்று தரம் சொன்னா. பேத்தி அதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

அந்தக் கட்டுரையை எங்களுக்கு அனுப்பினாள். வாசித்தோம். 1934இல் மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன, நுளம்பு பெருகியது. சுமார் 80,000 பேர் மௌத்தானார்கள். கூடுதலாகப் பாதிக்கப்பட்டது வழக்கமாகக் காய்ச்சல் இருக்கிற வரண்ட பிரதேசம் அல்ல. கேகாலை, குருநாகல் பக்கம். அங்கேயிருந்தவர்களின் உடம்புக்கு அந்த நோய் பழக்கமில்லை. இதுவரை உயிரியல். அதற்குப் பிறகு அவள் கேட்டிருந்தாள்: காய்ச்சல் வந்த எல்லோரும் சாகவில்லையே, செத்தவர்கள் ஏன் செத்தார்கள்? உலகப் பொருளாதார மந்தம், றப்பருக்கும் தேங்காய்க்கும் விலை இல்லை, பட்டினி. நிவாரணத்துக்கு ஊர் ஊராகப் போன இளைஞர்களில் சிலர்தான் 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகள்தான். வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பதை நிறுத்தினோம். 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேல். 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

"நுளம்ப மட்டும் படிச்சா இதுல பாதிதான் விளங்கும் உம்மா" என்றாள். நாங்கள் மாஷா அல்லாஹ் சொன்னோம். அது அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

இந்த வருடம் பெப்ரவரியில் சொன்னாள். "நான் ரெண்டு மேஜர் செய்யப் போறன்."

இரண்டு மேஜர் என்றால் இரண்டு பட்டம் அல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும், இங்கே பலருக்கும் அந்தக் குழப்பம் இருக்கிறது. பட்டம் ஒன்றுதான், அதில் இரண்டு துறையும் பதியப்படும். இரண்டு பட்டம் எடுப்பது வேறு, அதற்குப் பல இடங்களில் 30 கிரெடிட் அளவு மேலதிகமாகச் செய்ய வேண்டும். இரண்டு மேஜருக்கு அப்படி இல்லை. இரண்டு துறையின் நிபந்தனையும் பொதுக் கல்வியும் 120 கிரெடிட்டுக்குள் அடங்கினால் சரி.

அடங்குமா? அன்று இரவு ஒரு மொனிட்டர்ஸ் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். பயலஜிக்கு, அதோடு வருகிற இரசாயனம், பௌதிகம், கணிதம் எல்லாம் சேர்த்து 56. வரலாறு 36. பொதுக் கல்வி 42. கூட்டினால் 134. எட்டு செமஸ்டருக்குப் பதினைந்து பதினைந்தாக எடுத்தால் 120. ஆகவே முடியாது என்று பேனாவை வைத்தோம்.

"வாப்பா, ஒரு பாடம் ரெண்டு இடத்துல எண்ணுப்படும்" என்றாள். அதுதான் இதில் முக்கியமான நுட்பம். பயலஜிக்காகச் செய்கிற ஆய்வுகூட வகுப்பு பொதுக் கல்வியின் விஞ்ஞானத்தையும் தீர்த்துவிடும், கணிதமும் அப்படித்தான், 12 கிரெடிட் குறைந்தது. வரலாற்று வகுப்புகள் மானிடப் பண்பியல் பக்கத்தில் 9ஐத் தீர்த்துவிடும். பொதுக் கல்வியில் மிச்சம் 21. மொத்தம் 113. ஏழு கிரெடிட் கையிருப்பு.

இதில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று. ஒன்றுக்கொன்று கிட்டிய இரண்டு பாடத்தை எடுத்தால்தான் இலேசு என்று நினைத்திருந்தோம். பயலஜியும் இரசாயனமும் என்றால் மேஜர்களுக்குள் பல வகுப்புகள் பொதுவாகும், உண்மைதான், அதற்கும் சில கல்லூரிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் பொதுக் கல்வியின் மற்றப் பக்கம் முழுக்க அப்படியே கிடக்கும். தூரத்தில் இருக்கிற இரண்டு பாடம் என்றால் ஒவ்வொன்றும் பொதுக் கல்வியின் ஒவ்வொரு மூலையைத் தீர்த்துக்கொண்டு வரும்.

கணக்குச் சரிவந்தது. நேரசூசி சரிவரவில்லை.

பாடசாலையில் வருடத் தொடக்கத்தில் நேரசூசி போட்ட ஆசிரியர்களுக்கு இந்த வலி தெரியும். பாடவேளை எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் தமிழ் டீச்சருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு விழும். மகளுக்கு விழுந்தது செவ்வாய்க்கிழமை பிற்பகல். வரலாற்றுத் துறையில் மூன்றாம் வருடம் கட்டாயம் ஒரு கருத்தரங்கு வகுப்பு, அது இல்லாமல் கடைசி வருட ஆய்வைத் தொடங்க முடியாது, வருடத்தில் ஒரு தடவை, ஓகஸ்ட் செமஸ்டரில் மாத்திரம். அதே செவ்வாய், அதே நேரம், பிறப்புரிமையியல் ஆய்வுகூடம். அது ஜனவரி செமஸ்டரிலும் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் அவள் பொதுக் கல்விக்கான மொழி வகுப்பை வைத்திருந்தாள், வாரம் ஐந்து நாளும் காலையில், பிறப்புரிமையியல் விரிவுரை நேரத்தில். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடிக்கும். பிறப்புரிமையியலை நான்காம் வருடத்துக்குத் தள்ளினால் அதை முடித்த பிறகு எடுக்க வேண்டிய இரண்டு வகுப்பு ஒன்பதாவது செமஸ்டருக்குப் போகும்.

ஒன்பதாவது செமஸ்டருக்குப் புலமைப்பரிசில் இல்லை. அந்த ஒரு செமஸ்டருக்கான கட்டணம் எங்கள் இரண்டு பேருடைய சில வருடச் சம்பளம். இங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மேல் வீட்டுத் தட்டு இன்னும் பூசாமல் கிடக்கிறது. மாணவர் விசாவில் இருக்கிறவள் படிப்புக் காலத்தில் கல்லூரிக்குள் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யவும் முடியாது.

அந்தக் கட்டத்தில்தான் நாங்கள் சொன்னோம். வரலாற்றை விடு மகள். ஆசைக்கு ஒன்றிரண்டு வகுப்புப் படி, மேஜராக வேண்டாம். வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாய்?

அதைச் சொன்னது எங்களில் வரலாறு படிப்பிக்கிறவர். இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கிறவர்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள், "சரி வாப்பா, நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் கோல் வரவில்லை. அந்த இரண்டு நாளும் தரம் பத்துக்குப் பாடம் எடுக்கப் போனவருக்கு வகுப்பறையில் நிற்பதே கஷ்டமாக இருந்தது. வரலாறு ஏன் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் முதல் நாள் பிள்ளைகளுக்கு ஒரு பேச்சுப் பேசுவார். அந்தப் பேச்சு பிள்ளைகளுக்கே பாடம். வீட்டிலே மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் நாங்களே எடுத்தோம். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் குறைவு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், சாப்பிட்டியா, குளிரா என்று கேட்டோம். பிறகு, "அந்த நேரசூசிய இன்னொருக்காக் காட்டு, பாப்பம்" என்றோம்.

மூன்று பேரும் திரையில் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பார்த்தோம். முதலில் உயர்தரப் பெறுபேறு. அதை ஏற்கெனவே கேட்டிருந்தாளாம். கல்லூரி உயிரியல், இரசாயன ஆரம்ப வகுப்புகளைத் தாண்டி மேல் வகுப்புக்குப் போக விட்டது, கிரெடிட் தரவில்லை. கோடை வகுப்பு? அதற்குத் தனியாகக் காசு. செமஸ்டருக்கு 18 கிரெடிட்? எடுக்கலாம், ஆனால் எடுத்தாலும் செவ்வாய் செவ்வாய்தான்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்தான் கேட்டார். "இந்த மொழி வகுப்பு ஏன் மகள்? உனக்குத்தான் ரெண்டு மொழி தெரியுமே."

"அவங்கட விதியில ஆங்கிலம் இல்லாத ஒரு மொழி வேணும் உம்மா."

"தமிழ் ஆங்கிலமா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விதிக் கோவையைத் திறந்தாள். இருந்தது. ஆங்கிலம் அல்லாத மொழியில் இடைநிலைக் கல்வி கற்ற மாணவர்கள் அதற்கான அத்தாட்சியைக் காட்டினால் மொழி நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறலாம். ஒரு சிறிய வரி, ஆறாவது பக்கத்தில். இரண்டு வருடமாக யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஸ்பானிய மொழி படிக்கத் தயாராக இருந்தாள்.

அடுத்த நாள் அவள் படித்த பாடசாலை அதிபரிடம் போனோம். தரம் 1 முதல் 13 வரை தமிழ் மொழி மூலம் கற்றவர் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டோம். ஆங்கில மூலம் போடவில்லையே என்று ஒரு காலத்தில் எங்களை நாங்களே நொந்துகொண்ட அதே விசயம். அதிபர் உடனே தட்டச்சுச் செய்து, இறப்பர் முத்திரை குத்தி, கீழே ஒப்பமிட்டுத் தந்தார். தேனீரும் தந்தார். ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். ஒன்பது நாளில் பதில். 8 கிரெடிட் விலக்கு.

ஜனவரி காலை திறந்துவிட்டது. பிறப்புரிமையியல் அங்கே போனது. கருத்தரங்கு ஓகஸ்டில். கடைசி வருடத்தில் இரண்டு துறைக்கும் தனித்தனி ஆய்வு எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக எழுத விடுவார்களா என்று இரு துறையிலும் கேட்டிருக்கிறாள், முடிவு இன்னும் வரவில்லை. ஏப்ரலில் படிவம் கொடுத்தாள்.

பிள்ளைகளை அப்படியான கல்லூரிகளுக்கு அனுப்ப நினைக்கிற பெற்றோருக்கு எங்களுக்குப் பிந்தித் தெரிந்த சிலதைச் சொல்கிறோம். விஞ்ஞானப் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டவை, ஆரம்ப இரசாயனம் முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது, அதை முதல் வருடமே தொடங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாத்திரம் நடக்கிற வகுப்பு எது என்று முதலில் கேட்டு அதை அட்டவணையில் போட்டுவிட்டு மற்றதை நிரப்புங்கள். பொதுக் கல்வி இலேசு, கடைசியில் பார்ப்போம் என்று விட்டால் கடைசி வருடத்தில் அதுவே கழுத்தைப் பிடிக்கும். புலமைப்பரிசில் எத்தனை செமஸ்டருக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விதிக் கோவையை நீங்களும் வாசியுங்கள், பிள்ளை வாசித்திருப்பாள் என்று நம்பி இருக்காதீர்கள். எல்லாப் பொதுப் பாடமும் தங்கம் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். கலைக்காக மட்பாண்ட வகுப்பு எடுத்து மூன்று கோணல் கோப்பை செய்திருக்கிறாள். ஒன்று எங்களுக்காம்.

உடற்பயிற்சி ஒரு கிரெடிட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் நீந்தத் தெரியாவிட்டால் பட்டமே இல்லை. அவளுடைய கல்லூரியில் அப்படி இல்லை, பட்மின்டனோ நடையோ எதுவும் எடுக்கலாம். அவள் நீச்சலை எடுத்திருக்கிறாள். முதலில் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. யார் இருப்பார்கள், உடுப்பு என்ன என்று கேட்டோம். பெண்களுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் ஒரு நேரம் இருக்கிறது, முழுக்க மூடிய நீச்சல் உடுப்பு வாங்கியிருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அவளுக்கு ஒன்றரை வயது. கடல் வந்த நேரம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினவர்கள் நாங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் இன்றைக்கும் நீந்தத் தெரியாது. ஊரில் வீட்டிலிருந்து நான்கு நிமிட நடையில் கடல், அதில் கால் நனைத்து இருபது வருடம்.

போன வாரம் சொன்னாள், குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் போய்விட்டாளாம்.

யாருக்காவது அந்தக் கடிதத்தின் மாதிரி தேவைப்பட்டால் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறோம். மஃரிபுக்குப் பிறகுதான் பார்ப்போம், பகலில் வகுப்பு இருக்கிறது. மகளுக்கு துஆச் செய்யுங்கள்.